வரவறிந்து கொள்ளல்

காட்சித் தொடர்பியல் வகுப்பிற்கென யான் வரைந்த முப்பரிமாணச் சித்திரங்களைத் திரையிற் சுழற்றமாட்டாது என் பழைய கணினி திணறியது. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குமாறு தந்தையார் பணம் அளித்தனர். மீண்டும் கேட்க இயலாத பணம் அது. ஆதலின், கடைக்கு ஏகுமுன் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி ஆராயலானேன்.

மதர்போர்டின் ஸ்லாட், கார்டிற்கு அளிக்கவல்லது 75 வாட் மின்னாற்றலே. மிகுதி வேண்டின், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியினின்று தனிக் கம்பி வருதல் வேண்டும். என் பெட்டியில் அக்கம்பி இல்லை. நண்பர் யாவரும் புகழ்ந்த ஜிடிஎக்ஸ் 1660 வேண்டுவது 120 வாட். ஜிடிஎக்ஸ் 1650-இலோ, 75 வாட்டில் அமைந்து தனிக் கம்பி வேண்டாத வகை உண்டு. ஆசை முன்னதன்பாற் சென்றது. அதனைக் கொள்ளின் புதிய பெட்டியும் கொள்ளல் வேண்டும். கைப்பொருளோ ஒன்றிற்கே போதியது. பின்னதையே கொண்டேன்.

இப்பொழுது சித்திரங்கள் தடையின்றிச் சுழல்கின்றன. வரவறிந்து செலவு செய்தல் இல்லறத்திற்கேயன்றி இயந்திரத்திற்கும் அறமாம்.