பூவின் பெயர் கொண்ட ஜில்லா

ஒரு ஜில்லாவுக்கு அடையாளம் எது என்று கேட்டால் பதில் சொல்வது அவ்வளவு சுலபமல்ல. 2019-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி செங்கற்பட்டு, காஞ்சீபுரத்திலிருந்து பிரிந்து மீண்டும் தனி ஜில்லாவாயிற்று. அதையொட்டி, நாம் பாடம் சொல்லும் வகுப்பில், "நம் ஜில்லாவுக்கு ஒரு சின்னம் வரையுங்கள்" என்றோம். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தைந்து பேர் கடற்கரைக் கோயிலை வரைந்தார்கள். மூவர் பறவையை வரைந்தார்கள். இருவர் ரயில் வண்டியை வரைந்தார்கள். செங்கற்பட்டு ஜங்ஷனை நன்கு அறிந்தவர்கள் போலும்! செங்கழுநீர்ப் பூவை ஒருவரும் வரையவில்லை. செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கற்பட்டு என்று மருவிற்று எனப் பெரியோர் கூறுவர். பெயருக்குரிய பூவைப் பிள்ளைகள் கண்ணால் கண்டதேயில்லை.

மாமல்லபுரத்துக்கு முதலிடம் தந்தது நியாயமே. கி.பி. 630 முதல் 668 வரை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் விருதுப் பெயரே அவ்வூரின் பெயர். அங்கே பாறைகளையே ரதங்களாகச் செதுக்கினார்கள். பின்வந்த இராஜசிம்மன் அலையோரத்தில் கோயில் எடுத்தான். தவக் காட்சியைச் செதுக்கிய சிற்பி, எலிகள் சூழ ஒரு பூனையையும் தவத்தில் நிறுத்தியிருக்கிறான். அத்தகைய தபஸ்விகளை இன்றும் பொதுவாழ்வில் காணலாம் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அவ்வூரில் உளியின் ஓசை இன்னும் ஓயவில்லை. 1957-ல் சிற்பப் பள்ளி தோன்றியது. 2017-ல் அவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆயினும் சென்னையிலிருந்து வருவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் வந்து, படம் பிடித்துக் கொண்டு, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். ஜில்லாவின் உயிர் இருப்பதோ உள்ளே, ஏரிகளில். மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் தன் பெயரால் ஏரி கண்டவன். கல்லைக் குடைந்த குலம் நீரைத் தேக்கவும் அறிந்திருந்தது.

1763-ல் ஆர்க்காட்டு நவாப் இந்நாட்டை ஜாகீராகக் கும்பெனியாருக்குக் கொடுத்தார். அவர்களுடைய கலெக்டர் லியோனல் பிளேஸ் துரை 1798-ல் மதுராந்தகம் ஏரிக்கரை உடையாதபடி இராமபிரானை வேண்டினார் என்றும், கரையில் வில்லேந்திய இருவரைக் கண்டார் என்றும் கதை. அங்கே 'ஏரி காத்த ராமர்' இன்றும் நிற்கிறார்.

அதே 1798-ல் வேடந்தாங்கல் குடியானவர்கள், தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று அதே துரையிடம் உரிமை பெற்றார்கள். வெறும் ஜீவகாருண்யம் மட்டுமல்ல இது. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீரே வயலுக்கு உரமாகிறது. அந்நியன் ஆட்சியிலும் தம் நீரையும் பறவையையும் காத்துக்கொண்ட அந்த ஏழைக் குடிகளின் புத்தியை எந்தக் கல்வெட்டுக்கும் குறைவாக நாம் மதிக்க மாட்டோம். 2020-ல் சரணாலய எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது பலத்த எதிர்ப்பு மூண்டது. 2022-ல் அது ராம்சார் சாசனப் பட்டியலில் சேர்ந்தது.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிப் பொழுதில் அமுதுண்ண வந்த கழுகுகள் இப்போது வருவதில்லை. ஊர்ப் பெயரில் மட்டும் அவை பறக்கின்றன. செங்கழுநீருக்கும் இதே கதிதான். ஏரியும் குளமும் மனைகளாகும்போது பூ மட்டுமா போகிறது? 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தால், பத்திரப் பதிவு செய்த தாளைக் காட்டி அதைத் திருப்பி அனுப்ப இயலாது.

ஆகவே நேயர்களுக்கு நம் யோசனை இது. மாமல்லபுரம் போங்கள்; அவசியம் போங்கள். ஆனால் மார்கழியில் ஒரு நாள் குழந்தைகளுடன் வேடந்தாங்கல் கரையிலும் நில்லுங்கள். நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதைக் காட்டுங்கள். வழியில் கொளவாய் ஏரியருகே சற்று வண்டியை நிறுத்துங்கள். இந்த நீரெல்லாம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று குழந்தை கேட்டால், கோயிலைப் பற்றிச் சொல்லும் அதே ஆர்வத்துடன் அதற்கும் பதில் சொல்லுங்கள்.