தண்ணீர் எங்கே போகிறது?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டு, மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிக நோக்கில் பயிரிடப்பட்டது. அந்தத் தோட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பகுதிகளிலும் பல தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளன. தோட்டத்து உட்சாலையிலிருந்து பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்ல மகிழுந்துதான் துணை. அது பெரும்பாலும் பழைய மகிழுந்தாகவே இருக்கும்.

லாரியும் டிராக்டரும் ஓட்டிப் பழகிய பெரியவர்கள் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டே வண்டியை எடுப்பார்கள். பார்ப்பதற்கு இது நல்ல பராமரிப்புப் போலத் தோன்றும். ஆனால், ரேடியேட்டர் என்பது மூடப்பட்ட அமைப்பு. அதில் தண்ணீர் நாள்தோறும் குறையக் கூடாது. குறைந்தால், ‘எங்கே போகிறது?’ என்று கேட்க வேண்டும். ஊற்றி ஊற்றி ஓட்டுவது நோயை மறைக்குமே தவிர தீர்க்காது.

விடையை வீட்டிலேயே தேடலாம். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், காலையில் கசிவு தெரிந்துவிடும். நிறமற்ற நீர் குளிரூட்டியிலிருந்து வடிந்ததாக இருக்கலாம். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறக் கறை குளிர்விப்பு நீரின் கசிவைக் காட்டும். வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த பிடிவளையம், தேய்ந்த மூடி ஆகியவற்றை இயந்திரம் ஆறிய பின் வீட்டிலேயே மாற்றிவிடலாம். சாலை நெரிசலில் மட்டும் வெப்பம் ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால், விசிறியைச் சோதிக்க வேண்டும்.

வழியில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், ‘இன்னும் கொஞ்சத் தூரம்தானே’ என்று ஓட்டக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். மூடியை உடனே திறப்பது பேராபத்து. உள்ளே அழுத்தம் இருப்பதால், தண்ணீர் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, அது நீராவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். எனவே, இயந்திரம் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

சில அறிகுறிகள் வீட்டுப் பழுதுபார்ப்பின் எல்லையைச் சொல்கின்றன. வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைவது, புகைபோக்கியில் வெண்புகை ஓயாமல் வருவது, எண்ணெய் பால் கலந்த தேநீர் போல மாறுவது ஆகியவை தோன்றினால், இயந்திரத்தின் தலைப்பகுதிக்குக் கீழுள்ள ‘கேஸ்கெட்’ பழுதாகியிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல் இழுவை வண்டியில் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே நல்லது.

வடித்தெடுத்த குளிர்விப்பு நீரைக் கால்வாயில் கொட்டக் கூடாது. இனிப்புச் சுவையுடைய அந்த நஞ்சைத் தோட்டத்து நாய்கள் நக்கிவிடும். அதை மூடிய கலனில் ஊற்றிப் பட்டறையில் ஒப்படைக்கலாம்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. ஒரு குழாயை உரிய நேரத்தில் மாற்ற சில பத்து ரிங்கிட் போதும். அதைத் தள்ளிப்போட்டால் இயந்திரமே பழுதாகி, பல மாதச் சேமிப்பும் கரைந்துவிடும்.