பெட்டியில் ஒன்று, உள்ளே வேறொன்று

கடையில் வாங்கிய மிக்ஸி மறுநாள் காலையில் இஸ்திரிப் பெட்டியாக மாறியிருக்காது. வீடியோ கேம் அப்படியல்ல. விற்ற பிறகும், தயாரித்த நிறுவனம் இணையம் வழியாக ஒரு அப்டேட் அனுப்பி அதை வேறு விளையாட்டாகவே ஆக்கிவிடலாம். அப்படி மாறிப்போன கேமின் பழைய பெட்டி இன்னும் கடையில் இருந்தால்? வாங்க வருபவரிடம் கடைக்காரர் விஷயத்தைச் சொல்ல வேண்டாமா?

இதற்கு நல்ல உதாரணம் 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்'. சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் உருவாக்கிய இது 2003 ஜூனில் அமெரிக்காவில் வெளியானது. பெட்டிக்கும் காசு, அதன் பிறகு மாதாமாதம் சந்தா. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. தையல்காரராகலாம், சமையல்காரராகலாம், விலங்குகளைப் பழக்கலாம். துப்பாக்கியைத் தொடாமலே காலம் தள்ளலாம். ஜெடை ஆவதற்கு மட்டும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

2005 நவம்பர் 1 அன்று 'ட்ரையல்ஸ் ஆஃப் ஓபி-வான்' என்ற துணைத்தொகுப்பு விற்பனைக்கு வந்தது. ஆர்வத்தோடு வாங்கினார்கள். சில நாட்களுக்குள்ளேயே, மொத்த விளையாட்டும் மாறப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. நவம்பர் 15 அன்று அப்டேட்டும் வந்தது. தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. விலங்கு பழக்குபவர் காணாமல் போனார். ஜெடையாக முதல் நாளிலேயே தொடங்கலாம் என்றாகிவிட்டது. கோபம் கொந்தளித்ததும் துணைத்தொகுப்பின் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது.

விவரம் தெரிந்து சண்டை போட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது, சரி. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மகனுக்குப் பரிசு தேடிக் கடைக்குப் போன ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டியின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதுதான். மாற்றத்துக்கு முன்பே அச்சான பெட்டி என்றால், அதில் இருப்பது இப்போது இல்லாத விளையாட்டின் விவரம். பிரித்த பிறகு கொண்டுபோனால் 'பிரித்த சாஃப்ட்வேரைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்பதுதான் பல கடைகளின் வழக்கமான பதில்.

"ஆயிரம் கேம் விற்கிறோம், ஒவ்வொரு அப்டேட்டையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கடைக்காரர் கேட்கலாம். நியாயம்தான். சின்னச் சின்னப் பிழைத்திருத்தங்களை யாரும் கேட்கவில்லை. பெட்டியில் எழுதியிருப்பதையே பொய்யாக்கும் மாற்றம் வரும்போது மட்டும் சொன்னால் போதும். தயாரிப்பாளர் கடைகளுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், கடை ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். லாபத்தில் பங்கு வாங்குபவர் உண்மையைச் சொல்வதிலும் பங்கெடுக்க வேண்டும் அல்லவா?

இது நடக்காத காரியமும் இல்லை. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' கோளாறுகளோடு வெளிவந்தபோது சோனி தன் ப்ளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே அதை நீக்கியது. 2021 ஜூனில் மீண்டும் விற்பனைக்கு வைத்தபோது, பிஎஸ்4 கருவியில் சிக்கல்கள் தொடரலாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே வைத்தது. மனமிருந்தால் விற்பவரால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. டிஜிட்டல் பொருள் அப்டேட்டுக்குப் பிறகும் விவரித்தபடியே இருக்க வேண்டும் என்கிறது. பொறுப்பு விற்றவர் மீது.

கேலக்ஸீஸ் 2011 டிசம்பர் 15 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. சர்வர் இல்லாமல் ஓடாத அந்தப் பெட்டிகளைப் பழைய பொருள் விற்பவர்கள் கையில் இன்றும் பார்க்கலாம். விவரம் தெரியாமல் வாங்க ஒருவர் வந்தால், 'இது இனி ஓடாது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?