பதினான்கு துவக்குகளும் ஒரு பட்டியலும்

முப்பது வருடங்களாகச் செய்தித்தாள்களில் எழுதி வருபவன் என்ற முறையில், துவக்கைப் பற்றி எழுதாமல் நான் கடந்த வாரங்கள் குறைவு. சுட்டவர் யார், சுடப்பட்டவர் யார், "இனந்தெரியாத நபர்கள்" என்று முடிப்பதா வேண்டாமா என்ற அளவில்தான் அந்த எழுத்து இருந்தது. துவக்குக்குக் காப்புறுதி எடுப்பது பற்றி ஆலோசனை சொல்ல வேண்டிய நிலை எனக்கு வருமென்று நான் எண்ணியதில்லை. 2023ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், அண்ணனின் மகள் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தபோது அதுவும் நேர்ந்தது.

அவளுடைய கணவர் டெக்சாஸ் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கர். அவருடைய தந்தை வியட்நாம் போரில் பங்குபற்றியவர்; வேட்டைப்பிரியர். முந்திய ஆண்டில் அவர் காலமானபோது மகனுக்கு விட்டுச் சென்றது ஓர் இரும்புப் பெட்டகமும் அதற்குள் பதினான்கு துவக்குகளும். எட்டு நீளத் துவக்குகள், ஆறு கைத்துப்பாக்கிகள். அந்தப் பெட்டகம் இருந்த அறைக்கு அடுத்த அறையில்தான் நான் படுத்தேன். முதல் இரண்டு இரவுகள் நித்திரை வரவில்லை என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் பெறாமகள் ஒரு கத்தைக் காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"சித்தப்பா, நீங்கள் பேப்பரிலை வேலை செய்யிற ஆள். இந்த வீட்டுக் காப்புறுதியிலை துவக்குகளைப் பற்றி என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ. எனக்கு உதெல்லாத்தையும் வித்துப்போட்டால் நிம்மதி. அவர் விடமாட்டன் எண்டு நிக்கிறார்."

வாசித்தேன். அமெரிக்காவில் பரவலாக வழங்கும் வீட்டுக் காப்புறுதியில் வீட்டுக்கு ஒரு தொகை, வீட்டுக்குள் இருக்கும் பொருட்களுக்கு ஒரு தொகை என்று இருக்கும். பொருட்களின் தொகை இலட்சம் டொலரைத் தாண்டியிருப்பதைக் கண்டு பலர் திருப்தியடைந்துவிடுகின்றனர். ஆனால் உள்ளே சில பக்கங்கள் தள்ளி, சில பொருட்களுக்குத் தனி உச்சவரம்பு உண்டு. நகை அவற்றில் ஒன்று, துவக்கு மற்றொன்று. துவக்குகள் களவுபோனால் வழக்கமான உச்சவரம்பு 2,500 டொலர். ஒரு துவக்குக்கு அன்று. களவுபோன அத்தனைக்கும் சேர்த்து. வேடிக்கை என்னவென்றால், அந்த வரம்பு களவுக்கு மட்டுமே உரியது. அதே பெட்டகம் தீயில் எரிந்துபோனால் பொதுத் தொகையிலிருந்து நட்டஈடு கிடைக்கும். அப்போதும் பழைமையால் மதிப்புப் பெற்ற பொருளுக்குப் "புதிது வாங்கித் தருவோம்" என்ற வாக்குறுதி பொருந்தாது.

வெள்ளம் வேறு கதை. 2017 ஒகஸ்டில் ஹார்வி சூறாவளி கொண்டுவந்த மழையில் ஹூஸ்டனின் பல பகுதிகள் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளத்துக்கு ஈடு தருவதில்லை. அதற்கென மத்திய அரசின் வெள்ளக் காப்புறுதித் திட்டம் உண்டு. அதிலும் வீட்டுப் பொருட்களுக்கான காப்பைத் தனியாக வாங்கவேண்டும். சேகரிப்புப் பொருட்கள் என்று கணிக்கப்படுபவற்றுக்கு அங்கும் 2,500 டொலர்தான். ஒரு துவக்கைக் கொல்வதற்கு இரண்டு நாள் சேற்றுநீர் போதும். துரு என்ற சொல்லோ பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்களில் விலக்குகளின் வரிசையில்தான் நிற்கும்.

பெறாமகள் தொலைபேசியில் அழைத்த முகவர் மூன்று வழிகளைச் சொன்னார். களவுக்கான உச்சவரம்பை மேலதிகக் கட்டுப்பணம் செலுத்தி உயர்த்திக்கொள்வது ஒன்று. மலிவானது, ஆனால் அந்த உயர்வுக்கும் எல்லை உண்டு. மதிப்புமிக்க ஒவ்வொரு துவக்கையும் பெயர், இலக்கம், விலையுடன் பத்திரத்தின் அட்டவணையில் சேர்ப்பது இரண்டாவது. அப்படிச் சேர்த்தால் களவு, தீ என்றில்லாமல் தவறவிடுதல், தற்செயலாக உடைதல் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் ஈடு உண்டு. மூன்றாவது, சேகரிப்பாளர்களுக்கென்றே சில நிறுவனங்கள் வழங்கும் தனிக் காப்புறுதி. சேகரிப்பு முழுவதற்கும் ஒரே தொகையைச் சொல்லி எடுக்கக்கூடியது அது; குறித்த விலைக்கு மேற்பட்டவற்றை மட்டும் விபரித்தால் போதும் என்று கூறும் நிறுவனங்களும் உண்டு.

எந்த வழியில் போனாலும் முதலில் வேண்டியது ஒரு பட்டியல். அந்த இடத்தில்தான் சிக்கல் எழுந்தது.

"என் அப்பா தன் துவக்குகளின் பட்டியலை உயிரோடிருக்கும்வரை எவருக்கும் கொடுத்ததில்லை," என்றார் மருமகன். பட்டியல் ஒன்று இருந்தால் அது என்றோ ஒருநாள் வேண்டாதவன் கையில் சேரும் என்பது தந்தையின் நம்பிக்கையாம். அமெரிக்காவில் அது ஒரு தனிமனிதரின் பிடிவாதம் மட்டுமன்று. துவக்கு வைத்திருப்போரின் பதிவேடு ஒன்றை மத்திய அரசு உருவாக்கக்கூடாதென்று 1986ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது.

அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை என்பதே சரி.

என் தந்தையார் கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் ஆசிரியர். கொஞ்சம் வயலும் இருந்தது. இரவில் பன்றி வந்து விளைந்த நெல்லை உழுதுவிட்டுப் போகும். அதற்காக அனுமதிப்பத்திரம் பெற்று ஒரு சொட்கண் வைத்திருந்தார். ஆண்டுதோறும் கச்சேரிக்குப் போய் அதனைப் புதுப்பிக்க வேண்டும். போவதற்கு முதல்நாள் துவக்கின் இலக்கத்தை நான் உரத்து வாசிக்க, அவர் விண்ணப்பத்தில் எழுதுவார். 1985இல் ஓர் இரவு ஆயுதம் தாங்கிய இளைஞர்கள் சிலர் வந்தார்கள். வீட்டில் துவக்கு உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. "மாஸ்ரர், துவக்கைத் தாங்கோ" என்றே கேட்டார்கள். யார் வீட்டில் துவக்கு இருக்கிறது என்ற பட்டியல் அவர்களிடம் இருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று நாங்கள் அறியோம். தந்தையார் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், பற்றுச்சீட்டு ஒன்று கேட்டார். அவர்களுள் ஒருவன் அவரிடம் படித்தவன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பொலிஸில் முறையிட்டால் ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி வரும். முறையிடாவிட்டால் பத்திரத்தின்படி அந்தத் துவக்குக்கு அவரே பொறுப்பு. அதன்பின் எங்கேனும் சூட்டுச் சத்தம் கேட்டால் அவர் முகம் மாறும். அது தன்னுடைய துவக்காக இருக்குமோ என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். 1996இல் இடம்பெயர்ந்தபோது அந்த அனுமதிப்பத்திரமும் றங்குப் பெட்டியோடு போயிற்று.

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அப்படியானால் பட்டியல் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பட்டியலால் எங்கள் துவக்கு போயிற்று என்பது உண்மை. போனபின் அது எங்களுடையதன்று என்று காட்ட எங்கள் கையில் ஒன்றும் இல்லாமற் போனது அதனினும் பெரிய உண்மை.

மறுநாள் பெட்டகம் திறக்கப்பட்டது. உருவாக்கிய நிறுவனம், மாதிரி, இலக்கம், நிலை என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெறாமகள் படம் பிடித்தாள். 1964க்கு முன் செய்யப்பட்ட வின்செஸ்டர் மாதிரி 70 ஒன்று இருந்தது. அந்த ஆண்டில் நிறுவனம் செய்முறையை மாற்றியதால் முந்தியவற்றுக்கே சேகரிப்பாளர் மத்தியில் மதிப்பு அதிகம். வேறு இரண்டுக்கும் நல்ல விலை உண்டென்று பின்னர் மதிப்பீட்டாளர் கூறினார்.

கடைசியாக வந்தது ஒரு சின்னஞ்சிறு .22 துவக்கு. ஒரு நேரத்தில் ஒரு குண்டு மட்டுமே போடலாம். தந்தை சிறுவனாக இருந்தபோது அவருடைய தந்தை வாங்கிக் கொடுத்ததாம். அதில் இலக்கமே இல்லை. ஒவ்வொரு துவக்கிலும் இலக்கம் பொறிக்கவேண்டுமென்ற சட்டம் 1968இல்தான் வந்தது; அதற்கு முந்திய மலிவான துவக்குகள் பல இலக்கமின்றியே விற்கப்பட்டன. சந்தையில் நூறு டொலர் பெறலாம். மருமகன் அதனைக் கையில் வைத்துக்கொண்டிருந்த விதத்தில், மற்றப் பதின்மூன்றையும் விட அதுவே அவருக்குப் பெரிதென்று புரிந்தது. அதற்கு எந்த நிறுவனமும் அந்த விலையைக் கொடுக்காது. கட்டையில் இருந்த ஒரு கீறலையும், கத்தியால் செதுக்கிய இரண்டு எழுத்துகளையும் படம் பிடித்தோம்.

பெறாமகள் அப்போதுதான் கேட்டாள்: "களவு போனால் எங்களுக்குக் காசு வரும், சரி. பிறகு அந்தத் துவக்கு எங்கை போகும்?"

எந்தப் பத்திரத்திலும் அதற்குப் பதில் இல்லை. காப்புறுதி உடைமையாளனின் இழப்பை அளக்கிறது. களவுபோன துவக்கு அடுத்து எவன் நெஞ்சுக்கு நேரே நீளும் என்பது அதன் கணக்கில் வராது. இலக்கம் தெரிந்திருந்தால் களவுபோன அன்றே பொலிஸார் அதனை நாடு முழுவதற்குமான களவுப் பதிவில் சேர்க்கலாம். மருமகனை அசைத்தது 2,500 டொலர்க் கணக்கன்று, இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் கொழும்புக்குத் திரும்பமுன் ஆறு கைத்துப்பாக்கிகளும் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவருக்கு விற்கப்பட்டன. மதிப்புள்ள மூன்று நீளத் துவக்குகள் அட்டவணையில் ஏறின. மற்றவற்றுக்கு உச்சவரம்பை உயர்த்திக்கொண்டார்கள். பெட்டகம் நிலத்தோடு ஆணியிட்டு இறுக்கப்பட்டது. ரவைகள் வேறிடத்துக்குப் போயின. திறக்கும் எண் மாற்றப்பட்டது. பட்டியலின் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் விற்கவேண்டும் என்ற பெறாமகளின் எண்ணம் இன்னும் மாறவில்லை. அவள் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் எண்ணமும்.

விமானத்தில் தந்தையாரின் துவக்கு இலக்கம் நினைவுக்கு வந்தது. ஐந்து எண்கள். பன்னிரண்டு வயதில் உரத்து வாசித்தது இன்னும் மறக்கவில்லை. அந்தத் துவக்கு எங்கே போயிற்றென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.