கணக்கில் வராத கன அடி

மலருக்கு எழுது என்றால் பெரிய மனிதர்களைப் பற்றித்தான் எழுதத் தோன்றும். நான் ஒரு மரவெட்டியைப் பற்றி எழுதுகிறேன். அவர் என் அப்புச்சி. என் அம்மாவைப் பெற்றவர். போன வருஷம் காலமானார்.

நண்பர்களே, பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப் போயிருப்பீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்கை மலை உச்சியிலிருந்து சரித்து விட்டதால் வந்த பெயர் அது. 2007-ல் அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆனது. இன்று நாம் அங்கே யானை பார்க்கப் போகிறோம். அப்புச்சி இளவட்டமாக இருந்தபோது அதே காட்டில் யானை மரம் இழுத்தது. அப்புச்சி கூப்பில் மரம் வெட்டினார்.

அது வெறும் முரட்டு வேலை இல்லை. மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் கோடாலியால் வாய் போல வெட்டி எடுக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் ரம்பம் இழுக்க வேண்டும். ரம்பம் இறுகினால் ஆப்பு அடிக்க வேண்டும். நடுவில் இரண்டு விரல் கனம் அறுக்காமல் விட வேண்டும். "அந்த ரெண்டு வெரலுதான் கண்ணு மரத்தப் புடிச்சுப் படுக்க வெக்கும். அதையும் அறுத்துப்புட்டா எந்தப் பக்கம் சாயும்னு சாமிக்கே தெரியாது" என்பார்.

கூலி, கன அடிக் கணக்கில். அப்புச்சி கைநாட்டு, ஆனால் கணக்கில் புலி. சுற்றளவை நூலால் எடுத்து, அந்த நூலை நாலாக மடித்து, வரும் அளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார். நாலடி சுற்று, பத்தடி நீளக் கட்டை என்றால் பத்து கன அடி.

பத்தாம் வகுப்பில் உருளையின் கன அளவு படித்த அன்று அதே கட்டையைப் போட்டுப் பார்த்தேன். 12.73 வந்தது! "ஒரு கட்டையிலயே ரெண்டே முக்கா கன அடி போச்சுங்க அப்புச்சி, ஏமாத்திட்டாங்க" என்று குதித்தேன்.

அவர் சிரித்தார். "தெரியும் கண்ணு. மரம் உருண்டை, கணக்கு சதுரம். பட்டை, பக்கப்பலகை, தூளுனு மில்லுல கழிவு போகுமல்ல, அதுக்கு விட்டது. வாங்கறவனுக்கு அது சரி." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா அந்தக் கழிவையும் நாந்தான வெட்டுனேன்" என்றார்.

அந்தக் கூலியில்தான் மூன்று பெண்களை வளர்த்தார். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வரும்போது தேக்கங்கொழுந்து கொண்டு வருவாராம். கசக்கினால் உள்ளங்கை சிவக்கும். மருதாணி வைத்த மாதிரி. அம்மா இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். ஒரு முறை கட்டை உருண்டு அப்புச்சியின் கால் நசுங்கியது. காண்டிராக்டர் கொடுத்தது பஸ் செலவு மட்டும். அந்த வருஷம் எட்டாம் வகுப்போடு அம்மாவின் படிப்பு நின்றது. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, தன்னிடம் இருந்த இரண்டு ஆடுகளை விற்றுப் பணத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். "உன்ற படிப்புக்கு அன்னைக்குக் குடுக்க முடியல, உன்ற மவளுக்கு வெச்சுக்க" என்றாராம்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் டேப்பும் அளவுப் புத்தகமும் பிடிக்கப் போகிறோம். நாம் எழுதும் எண்ணில்தான் ஒரு வீட்டில் அடுப்பு எரியும், ஒரு பெண் பள்ளிக்கூடம் போவாள். 'கழிவு' என்று எழுதும் முன், அதையும் ஒரு கைதான் வெட்டியது என்று நினைத்துப் பார்ப்போம்.

(மூன்றாமாண்டு சிவில் மாணவி)