பேர் தெரியாத பாட்டியைத் தேடி... கிடை ஆடுகளின் ஊருக்கு ஒரு பயணம்!

ஆடி அமாவாசை அன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். விடிவதற்குள் போயும் எங்களுக்கு மூன்றாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது. அப்பா ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். நான் பையையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அப்பா பேரு சொல்லுங்கோ... தாத்தா பேரு... அவருக்கு அப்பா?" என்று புரோகிதர் கேட்கக் கேட்க, மூன்று பெயர்களும் மடமடவென்று வந்தன. "அம்மா பேரு?" அதுவும் வந்தது. "அப்பாவோட அம்மா?"

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார். அவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? "தெரியலைன்னா மனசுல நினைச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். பின்னால் காத்திருக்கிற கூட்டம் அப்படி.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, இட்லி சாப்பிடும்போதுதான் அப்பா பேசினார். "எனக்கு ஆறு வயசு வரைக்கும் இருந்தாக. அவுக பக்கத்துலதான் படுப்பேன். சேலையில ஆட்டுக்குட்டி வாசம் அடிக்கும். பேரு மட்டும் தெரியலையே..."

ஊரில் இன்னும் சின்ன அப்பத்தா இருக்கிறார். எங்கள் ஐயாவின் தம்பி மனைவி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போன வருடம் கீழே விழுந்ததில் இருந்து நடமாட்டம் குறைவு. சென்னைக்கு எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியதும் எல்லாரும் செல்போனை ஜன்னலுக்கு நீட்டினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலமும், பக்கத்திலேயே 1914-ம் வருடத்துப் பழைய பாலமும் அன்று ஒன்றாகத் தெரிந்த இடம் அது. அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ராமநாதபுரம் தாண்டி முதுகுளத்தூர் சாலையில் திரும்பினால் கடல் காற்று நின்று, கரிமூட்டப் புகை வாசம் வரும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, தண்ணீர் இல்லாத கண்மாய். இந்த மண்ணில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அதில் ஒரு போகம் நெல்லோ, முண்டு மிளகாயோ எடுத்தால் உண்டு. மீதி மாதங்களுக்கு எங்கள் குடும்பம் போன்றவர்களுக்கு ஆடுகள்தான் வயல்.

ஐயா கீதாரி. ஆட்டு மந்தையின் தலைவருக்கு அதுதான் பெயர். நாலைந்து குடும்பத்து ஆடுகள் சேர்ந்தால் ஆயிரத்தைத் தொடும். மாசி, பங்குனியில் இங்கே புல் கருகியதும் மந்தையை ஓட்டிக்கொண்டு வடக்கே நடப்பார்கள். பரமக்குடி, திருவாடானை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக மன்னார்குடிச் சீமை. இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே சம்பா அறுவடை முடிந்த வயல்கள் காத்திருக்கும். பகலில் மேய்ச்சல். ராத்திரியில் ஒரு வயலில் ஆடுகளை அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். அதுதான் கிடை போடுவது. நடுராத்திரியில் எழுந்து மந்தையை வயலின் அடுத்த மூலைக்கு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் உரம் குவிந்துவிடும். கூலி அந்தக் காலத்தில் நெல். ஆடி வாக்கில் காவிரித் தண்ணீர் வந்து நடவு தொடங்கினால் ஊர் திரும்பும் வேளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போதும் போகிறார்கள். ஆனால் பாதி வழி லாரியில். கூலி ரூபாயில். ரசாயன உரம் வந்தபோது 'கிடை வேண்டாம்' என்ற வயல்காரர்களின் பேரன்கள், இன்று இயற்கை விவசாயம் செய்ய கீதாரிகளின் போன் நம்பரைத் தேடுகிறார்கள். ஊரில் ஆடு மேய்க்கத்தான் பையன்கள் இல்லை. எங்கள் தலைமுறையில் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட.

வீட்டு வாசலில் சித்தப்பாவின் ஆடுகள் கட்டாமல் நின்றன. அறுபது உருப்படி இருக்கும். வெள்ளை ஆடுகள்தான் அதிகம். கருஞ்சிவப்பில் சில கீழக்கரிசல். வெள்ளையில் செம்புள்ளி போட்ட வேம்பூர் ஆடு ஒன்று. எல்லா ஆட்டுக்கும் இடது காது நுனி வெட்டியிருந்தது. வலது காதில் கீழ்ப்பக்கம் ஒரு கொத்து. "நம்ம குறிடா அது. ஆயிரம் ஆட்டுல கலந்தாலும் பிரிச்சிரலாம்" என்றார் அப்பா. நாற்பது வருடமாக ஆட்டைத் தொடாதவர், போனதும் ஒரு கிடாயின் காதைத் தடவிப் பார்த்தார்.

அமெரிக்காவின் புல்வெளி மாநிலங்களில் மாட்டுப் பண்ணைக் குடும்பங்களுக்கு இப்படித்தான் ஆளுக்கொரு சூட்டுக்குறி உண்டு. அங்கே அதை அரசாங்கப் பதிவேட்டில் எழுதிவைக்கிறார்கள். யாருடைய குறி, எந்தக் குடும்பம் என்று கொள்ளுப்பேரன்கூடத் தேடி எடுக்கலாம். எங்கள் குறிக்கு ஆட்டின் காதுதான் பதிவேடு.

சின்ன அப்பத்தா திண்ணையில் படுத்திருந்தார். "வாப்பா... வா ஆத்தா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, "பழைய கதையெல்லாம் சொல்லுங்க அப்பத்தா" என்றேன். "என்ன கதை? ஆடு மேய்ச்சோம், கஞ்சி குடிச்சோம்" என்று முடித்துவிட்டார். கேள்வியே தப்பு என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சித்தப்பா பரணில் இருந்து ஐயாவின் தொரட்டியை எடுத்து வந்தார். கொப்பை வளைத்துத் தழை ஒடிக்கிற நீளக் கம்பு. கொக்கி துருப்பிடித்துப் போயிருந்தது. அதைக் கையில் கொடுத்ததும் அப்பத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்!

அப்புறம் நான் கேட்டதெல்லாம் வழிதான். முதல் நாள் ராத்திரி எங்கே தங்குவீர்கள்? அடுத்த நாள்? ஊர் ஊராகச் சொன்னார். எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கும், எந்த ஊரில் ஆட்டை அண்டவிடமாட்டார்கள், எந்த ஊர்க்காரி மோர் கொடுப்பாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. "ஒங்க பெரிய அத்தை பொறந்தது மன்னார்குடிப் பக்கம் வயக்காட்டுல. அன்னைக்கு ராத்திரியும் கிடையை மாத்திப் போட்டுட்டுத்தான் ஒங்க ஐயா வந்து பிள்ளையப் பாத்தாக." பெரிய அத்தைக்கே தெரியாத விஷயம் அது. அன்று ராத்திரியே போனில் சொன்னேன். அத்தை அழுதுவிட்டார்.

மந்தையைக் கூப்பிடுகிற சத்தத்தை அப்பத்தா எழுப்பிக் காட்டியபோது வாசலில் நின்ற ஆடுகள் தலையைத் தூக்கின. அந்தப் பதினோரு விநாடிதான் என் போனில் இருப்பதிலேயே விலை உயர்ந்தது. எழுத்தில் அதை எழுத முடியாது.

கி.ராஜநாராயணன் 'கிடை' எழுதினார். சு.தமிழ்ச்செல்வி 'கீதாரி' நாவல் எழுதினார். 2019-ல் 'தொரட்டி' என்று படமே வந்தது. ஊர் வாழ்க்கையை அவர்கள் பத்திரப்படுத்திவிட்டார்கள். வீட்டுப் பெயர்களை வீட்டுக்காரர்கள்தானே எழுத வேண்டும்?

கடைசியில் அப்பா கேட்டேவிட்டார். "சின்னாத்தா, எங்க அப்பத்தா பேரு என்ன?"

"அபிராமத்தா."

"அது அவுக பொறந்த ஊரு. அபிராமத்துல இருந்து வாக்கப்பட்டு வந்ததால அபிராமத்தா. அவுக பேரு?"

அப்பத்தா ரொம்ப நேரம் யோசித்தார். "நான் வந்தப்பவே எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாக. நான் அத்தைம்பேன். மாமியா பேரை யாராச்சும் கேப்பாகளா? வேற பேரு இருந்திருக்கும்ப்பா. கேக்காம போயிட்டேனே..."

எப்போது இறந்தார் என்பது மட்டும் தெளிவாக வந்தது. "தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோன மார்கழி. புயலும் மழையும். ஈரத்துல குட்டிக செத்துக்கிட்டு இருந்துச்சு. கூண்டுல அடைச்ச குட்டியெல்லாம் எடுத்து அடுப்புப் பக்கத்துல போட்டாக. அந்தக் குளிரு நெஞ்சுல இறங்கிருச்சு. பத்து நாள்தான்."

1964 டிசம்பர் 22 ராத்திரி. பாசஞ்சர் ரயிலையே கடல் விழுங்கிய புயல். அதைப் பற்றி எத்தனை கட்டுரை படித்திருக்கிறேன், தனுஷ்கோடி மணலில் நின்று எத்தனை போட்டோ எடுத்திருக்கிறேன்! அந்த மழையோடு எங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

அபிராமத்துக்கும் போனோம். பாட்டியின் பிறந்த வீட்டு வழி எப்போதோ மதுரைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் நூல் கிடைக்கவில்லை.

திரும்பும் முன் சின்ன அப்பத்தாவிடம் விடைபெறும்போது திடீரென்று ஒன்று உறைத்தது. எனக்கு இவர் பெயரும் தெரியாது! கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். "என் பேரைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு..." சொன்னார். பத்திரிகையில் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பேருந்து நிலையக் கடையில் வாங்கிய நாற்பது பக்க நோட்டில் முதல் பெயராக அதை எழுதினேன். அடுத்து பெரிய அத்தை, அம்மா, அம்மாவின் அம்மா என்று பெண்கள் வரிசை. கடைசிப் பக்கத்தில் இரண்டு காதுகளை வரைந்து குறியைப் போட்டேன். வழித்தட ஊர்களையும் எழுதி, எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. ஒரே போனில் இருந்தால் போன் போனால் எல்லாம் போச்சு.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்குமான ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப இந்த வருசமாவது கண்மாயில மேய்க்க விடுவாகளா?" என்று கேட்டார்.

தை அமாவாசைக்கு மறுபடி அக்னி தீர்த்தம். கூட்டம் கொஞ்சம் குறைவு, குளிர் அதிகம். "அப்பாவோட அம்மா பேரு?" என்றார் புரோகிதர்.

"அபிராமத்தா" என்றார் அப்பா, சத்தமாக. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதையே சொல்லி எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார்.