கடலுக்குக் கட்டும் மூட்டை

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் மழைக்கும் மாணிக்கத்துக்கும் பேர்போனது. ஆயின் அதற்குக் கடற்கரை இல்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை முதலிய பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுள், பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே கடலைக் கண்டவர்களும் உளர். விடுமுறையில் அவர்களைத் திருகோணமலைக்கு அழைத்துச் செல்ல ஒரு குடும்பம் தீர்மானிக்குமாயின், அது சிறு காரியமன்று. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ஒரு பேர் குறையும். பேர் குறைந்தால் சம்பளம் குறையும். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இரண்டு மூன்று நாள்களில் செலவாகிவிடும். அந்நாள்கள் நோயாலும் வீண் செலவாலும் கெடாதிருப்பது, புறப்படுமுன் கட்டும் மூட்டையைப் பெரிதும் பொறுத்தது.

ஒரே காற்று, இரு முகம்

மூட்டை கட்டுமுன் காற்றை அறிதல் வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, இந்து சமுத்திரத்தின் நீராவியைச் சுமந்து வந்து நமது மலைச்சாரல்களில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து மழையாகப் பொழிகின்றது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதற்கு அது ஒரு தலையாய காரணம். ஈரத்தை இழந்த அதே காற்று மலைகளைத் தாண்டிக் கீழிறங்கும்போது வெப்பமும் வறட்சியும் அடைகின்றது. கிழக்குக் கரைத் தமிழர் அதனைக் கச்சான் காற்று என்பர். இங்கே தாய்மார் படங்கு கட்டி நனைந்து கொழுந்தெடுக்கும் அதே நாளில், அங்கே மணல் கொதித்துக் கிடக்கும். மழை நாட்டுப் பழக்கத்தோடு வெயில் நாட்டுக்கு மூட்டை கட்டுவதே பிரயாணிகள் பலர் படும் துன்பத்துக்குக் காரணம்.

காலியும் நீர்கொழும்பும் நமக்கு அண்மையானவை. ஆயினும் தென்மேல் பருவத்தில் அப்பக்கத்துக் கடல் கொந்தளிக்கும்; அங்கே செல்ல ஏற்ற காலம் டிசெம்பர் முதல் மார்ச் வரை. சித்திரை விடுமுறைக்கும் ஓகஸ்ட் விடுமுறைக்கும் கிழக்குக் கடலே உகந்தது. கேகாலைப் பக்கத்தார் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை சேரலாம். அம்பேபுஸ்ஸையிலிருந்து தூரம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். இரத்தினபுரியார்க்கு வேறொரு வழியும் உண்டு. அவர்கள் ஊரைக் கடந்து செல்லும் கொழும்பு நெடுஞ்சாலையே பலாங்கொடை, வெல்லவாயை, மொனராகலை, பொத்துவில் ஊடாக மட்டக்களப்பு வரை நீள்கின்றது.

உடையும் உணவும்

மழைக்காலத்தில் லயத்து அறைகளில் துணி எளிதில் உலராது. அரை ஈரத்தோடு மடித்துக் கட்டிய துணி, பிரயாணம் முடியுமுன்னே பூஞ்சணம் பிடித்து நாறும். ஆகவே நான்கைந்து நாள் முன்னதாகவே துவைத்து, வெயில் இல்லையேல் அடுப்பு வெப்பத்திலேனும் நன்கு உலர்த்துதல் நலம். கம்பளியை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்; மெல்லிய போர்வை ஒன்று போதும். மெல்லிய பருத்தி ஆடை ஆளுக்கு இரண்டு, குளிக்க அடர்ந்த நிறத்தில் ஒன்று, கோயிலுக்குச் சுத்தமானது ஒன்று. இதற்கு மேற்பட்டவை சுமையே. நண்பகல் மணல் பாதத்தைச் சுடுமாதலால் இறப்பர்ச் செருப்பை மறத்தல் ஆகாது. குடையோ இரு நாட்டுக்கும் பொதுவான தோழன்: புறப்படும்போது மழைக்கும், சேர்ந்தபின் வெயிலுக்கும் உதவும்.

தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் நமது அன்றாட உணவு. எனினும் தேங்காய்ச் சம்பல் வெப்பத்தில் அரை நாளைக்குள் புளித்துவிடும். நெருப்பில் வாட்டிய வாழையிலையில் கட்டிய புளிச்சோறு அதனினும் நீடித்து நிற்கும். கொதித்தாறிய தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். குளிர்ந்த மலையில் தாகம் அறியாத பிள்ளைகள், வியர்வையில் நீரையும் உப்பையும் இழப்பதை உணரார். கேளாமலே அவர்களுக்கு நீர் கொடுத்தல் வேண்டும். ஜீவனிப் பொட்டலம் இரண்டும், முதியோர் வழக்கமாக உண்ணும் மாத்திரைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும். பேருந்தின் மேற்தட்டில் ஏற்றிய மூட்டையில் இருக்கும் மருந்து வேண்டிய வேளையில் கைக்கு வாராது.

ஆறு வேறு, கடல் வேறு

களுகங்கையிலும் களனிகங்கையிலும் நீந்திப் பழகிய இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. ஆற்று நீர் ஒரு திசையில் ஓடும். கடலோ கரையை நோக்கி வந்து, சில இடங்களில் மறைவான நீரோட்டமாக உள்ளே இழுக்கும். அதில் அகப்பட்டால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுதல் வேண்டும். நிலாவெளியும் உப்புவெளியும் இப்பருவத்தில் பெரும்பாலும் அமைதியானவை. எனினும் இறங்குமுன் அவ்வூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பது உத்தமம். இருட்டிய பின் இறங்கவே கூடாது.

கடலோடு காண வேண்டியவை வேறும் உள. திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில், கடலை நோக்கிச் செங்குத்தாய் நிற்கும் பாறைமீது விளங்குகின்றது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயில் நின்ற மலையே அது. கன்னியாவில் அருகருகே உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடுடையவை. மாணவர்கள் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தல் நல்ல பாடமாகும்.

மூட்டைக்குள் ஒரு வரலாறு

அடையாள அட்டைகளை மழை படாத உறையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஏனைய சாமான்களைவிட அதனை இன்னும் கவனமாகப் பேணுகின்ற பாட்டன்மார் தோட்டத்தில் உண்டு. காரணம் தெரிந்ததே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. எஞ்சிய நாடற்றோரின் உரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது.

நம் முன்னோர்க்குக் கடல் என்பது பார்த்து மகிழும் காட்சியாய் இருக்கவில்லை. ஒரு மூட்டையோடு கடந்து வந்த நீர்ப்பரப்பாகவே அது இருந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில் வந்தோர் எத்தனையோ பேர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், இங்கேயே பிறந்தவர்கள் அதே தலைமன்னாரிலிருந்து கப்பலேறிப் போயினர். 1977இலும் 1983இலும் கலவரத்துக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டு வடக்கே சென்றவர்களும் கைக்கு அகப்பட்டதையே மூட்டையாகக் கட்டினர். அம்மூட்டைகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஆர அமர எண்ண அவகாசம் இருந்திலது. அவற்றைக் கட்டியோர் பலர்க்குத் திரும்பும் நாளும் தெரிந்திலது. 2009இல் யுத்தம் முடியும் வரை, விடுமுறைக்காகக் கிழக்குக்குச் செல்வதும் எளிதாயிருக்கவில்லை.

இன்று ஒரு தாய் இரண்டு நாளுக்கு வேண்டிய துணியை மட்டும் எண்ணி மடிக்கின்றாள் எனில், மூன்றாம் நாள் தன் வீட்டு அடுப்பை மூட்டுவாள் என்ற உறுதியோடு மடிக்கின்றாள். பாரமில்லாத அச்சிறு பையின் பெருமையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுதல் தகும்.

இறுதியாக, பையிற் கால்பங்கு இடத்தை வெறுமையாக விடுங்கள். போகும்போது அங்குள்ள உறவினர்க்கோ நண்பர்க்கோ தோட்டத்துத் தேயிலைத்தூள் கொஞ்சம் அவ்விடத்தில் இருக்கட்டும். வரும்போது கருவாட்டைக் கடதாசியில் இறுகச் சுற்றி, பின் பொலித்தீன் உறையிலிட்டு, துணியிலிருந்து வேறாக வையுங்கள். புறாமலைத் தீவுக்குச் சென்றால் பவளத் துண்டுகளைப் பொறுக்கி வராதீர்கள்; 2003 முதல் அது தேசியப் பூங்கா. கண்டதைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். கடலை இன்னும் காணாத அடுத்த லயத்துப் பிள்ளைகள் அதனைப் படித்துக் கேட்பார்கள்.